கதை இரவல், மண்ணுமா இரவல்?

வேற்றுநாட்டார் எழுதிய பழம்புதினம் ஒன்றை எடுத்து, அதன் காலத்தையும் களத்தையும் மாற்றி, இன்னொரு மக்களின் வாழ்வாக்கித் திரையிற் காட்டுவது இன்று உலகெங்கும் நடைபெறும் தொழில். ஆங்கிலப் புதினம் அமெரிக்கப் பள்ளிக்கூடத்திற்குப் போகின்றது. உருசியப் புதினம் சப்பானியப் பனிக்குள் நுழைகின்றது. பிரெஞ்சுப் புதினம் கோவையிற் படமாகின்றது. இதனைக் குற்றமென்பார் ஒருசாரார். தமிழனுக்குக் கதைப் பஞ்சமா என்று அவர் வெகுள்வர். இதில் ஆராய என்ன இருக்கின்றது, கதை எவர்க்கும் பொது, மொழி எதுவாயினென்ன என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் அரைவழியில் நின்றுவிட்டவரே. முன்னவர் கதவை அடைத்துவிட்டுக் காற்றில்லை என்று வருந்துவர். பின்னவர் கதவோடு சுவரையும் இடித்துவிட்டு வீடு அகன்றுவிட்டதென்று மகிழ்வர்.

வாங்கலாமா கூடாதா என்பதன்று கேள்வி. எதை வாங்குவது, எதை வாங்கலாகாது, வாங்கியதை என் செய்வது என்பனவே கேள்விகள். இக்கேள்விகளுக்கு விடை காணத் தமிழன் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியத்தைத் திறந்தாற் போதும்.

முதலும் கருவும் உரியும்

தொல்காப்பியர் பாடற்பொருளை மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும், விலங்கும் மரமும், புள்ளும் பறையும், தொழிலும் யாழும் கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். இவற்றுள் உரிப்பொருள் தன்னிலை திரியாது நிற்க, ஏனைய இரண்டும் இடம்பெயர்ந்து மயங்கலாம் என்பது அகத்திணையியல் காட்டும் நெறி. அந்நெறி தமிழ்நிலத்து ஐந்திணைக்கே சொல்லப்பட்டதாயினும், ஒரு நாட்டுக் கதை மற்றொரு நாட்டிற்குக் குடிபெயரும்போதும் அதுவே அளவுகோலாகும். காதலனாற் கைவிடப்பட்டவள் 1811-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெண்ணாயினும் 2000-ஆம் ஆண்டின் தமிழ்ப்பெண்ணாயினும் கண்ணீரின் உவர்ப்பு ஒன்றே. ஆகலின், உரி கடல்கடந்து வரலாம். ஆனால் அது வந்திறங்கும் இடத்தில் நிலமும் பொழுதும் தொழிலும் உணவும் அந்த மண்ணுக்குரியனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வந்தது விருந்தாளியுமன்று, குடிமகனுமன்று. வழிதவறி வந்த வெற்றாள்.

கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர், அவைபோல்வன பிறவும் கருவே என்று இடம்விட்டுச் சென்றார். அவ்விடத்தில் இன்று வந்து நிற்கத்தக்கவை மூன்று: ஒரு நாட்டுச் சட்டம், அந்நாட்டுப் பணம் புழங்கும் வழி, அந்நாட்டு மக்களின் வாய்மொழி. புதினம் என்பது இம்மூன்றின்மேல் எழுப்பப்பட்ட கட்டடம். உடையையும் வீட்டையும் ஊர்ப்பெயரையும் மாற்றிவிட்டு இம்மூன்றையும் மாற்றாது விட்டவர், கதையைப் பெயர்த்து நட்டவரல்லர். பூவை மட்டும் கொய்து வந்து செருகியவர். செருகிய பூ மாலைக்குள் வாடும்.

இன்னுமொன்று. வழிநூலுக்கு நால்வகை கூறும் மரபியல், மொழிபெயர்த்தலையும் அதனுள் ஒன்றாக வைத்தது. பிறமொழிப் பொருளைத் தமிழிற் செய்தல் இழிவென்று தமிழிலக்கணம் எங்கும் சொன்னதில்லை. சொன்னது வேறு: வந்த சொல் தன் அயலெழுத்தைக் களைந்து தமிழெழுத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சொல்லுக்குரிய இவ்விதியே கதைக்கும் உரியது. மேலும், நூலின் பாயிரத்தில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து ‘வழி’ சொல்லப்படல் வேண்டும் என்பதும் தமிழ் மரபு. எந்நூலின் வழியில் வந்தது இந்நூல் என்று முகப்பிலேயே கூறுவது அறிவுடைமை, மறைப்பது களவு. வெளிநாட்டுக் கதையை எடுத்தாண்டுவிட்டுத் தம் பெயரையே கதைக்குரியவராகப் பொறித்துக்கொள்ளும் திரைத்துறையினர் எவராயினும், அவர் புதுமை செய்தவரல்லர், பாயிரம் கெடுத்தவர்.

சப்பானியர் செய்து காட்டியது

குடிபெயர்த்தல் இயலுமா என்று ஐயுறுவார்க்கு அகிரா குரோசாவா விடை. உருசியப் பேரெழுத்தாளர் தாசுத்தயெவ்சுகியின் ‘அசடன்’ 1868, 1869-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதினம். களம், பீட்டர்சுபர்க்கு. அதனை 1951-இல் குரோசாவா படமாக்கினார். களம், சப்பானின் வடகோடித் தீவாகிய ஒக்கைடோவின் சப்போரோ நகரம். காலம், உலகப்போரில் தோற்று வீழ்ந்த பின்னைய காலம்.

பனிக்குப் பனி கிடைத்ததென்று அவர் நின்றுவிடவில்லை. புதினத்தின் உட்கரு யாது? சாவின் வாயில்வரை சென்று மீண்டவனின் உள்ளம் எத்தகையது என்பது. தாசுத்தயெவ்சுகி 1849-இல் சுட்டுக்கொல்லப்படுவதற்காகக் களத்திற் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, இறுதி நொடியில் உயிர்பிழைத்தவர். புதினத்தின் தலைவன் அத்தகைய ஒருவனைப் பற்றிப் பிறர்க்கு எடுத்துரைக்கின்றான். குரோசாவா அதனைத் தம் தலைவனுக்கே நேர்ந்ததாக்கினார். அவர் படைத்த கமேடா, போர்க்குற்றவாளி எனத் தவறாகக் கருதப்பட்டுக் கொல்லப்படும் நிலைக்குச் சென்று மீண்டவன், ஒக்கினாவாவிலிருந்து திரும்புகின்றவன். 1951-இல் சப்பானியன் எவனும் இவனைப் பார்த்து ‘இவன் யார்?’ என்று கேட்டிருக்கமாட்டான். அவனவன் தெருவிலே அத்தகையவர் இருந்தனர்.

இதுவன்றோ குடிபெயர்த்தல்! உருசியனின் நோய்க்கு ஈடாகச் சப்பானியனின் போர்ப்புண் வந்தது. அப்படம் வணிகத்தில் வெல்லவில்லை. ஏறத்தாழ நாலரை மணிநேரமாக எடுத்த படத்தை நிறுவனத்தார் 166 நிமையத்திற்கு வெட்டிச் சுருக்கினர். எனினும் அது சப்பானியப் படமாகவே நிற்கின்றது. கதை உருசியம், புண் சப்பானியம், வாய்மொழியும் சப்பானியம்.

ஏழை படும் பாடு

இனித் தமிழ்த்திரைக்கு வருவோர் 1950-இல் தொடங்குதல் தகும். பிரெஞ்சுப் பேரெழுத்தாளர் விக்தர் யூகோவின் 1862-ஆம் ஆண்டுப் பெரும்புதினத்தைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஏழை படும் பாடு’. பிரெஞ்சுப் பெயரை ஒலிபெயர்த்து வைத்து, அறிஞர்க்கு மட்டும் விளங்கினாற் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. யூகோவின் மற்றொரு புதினத்தையும் ‘இளிச்சவாயன்’ என்றே தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தார். கதை வந்தது; பெயர் இம்மண்ணில் முளைத்தது.

கோவைப் பட்சிராசாப் படநிலையத்தார், கே. இராம்நாத் இயக்கத்தில், நாகையா தலைவனாக நடிக்க அதனைப் படமாக்கினர். துரத்தும் காவலனாக நடித்த சீதாராமனின் திறமை எத்துணையெனின், பிரெஞ்சுக் காவலனின் பெயரே அவர் பெயராயிற்று. ‘சாவர் சீதாராமன்’ என்றே அவர் இறுதிவரை அழைக்கப்பட்டார். அது அவர் நடிப்புக்கு மக்கள் அளித்த பரிசு. அதில் அவர் குறையேதுமில்லை. எனினும் உற்றுநோக்குவார்க்கு அப்பெயர் ஒரு செய்தி சொல்லும். கதையின் பெயர் தமிழாயிற்று. காவலனின் பெயரோ கடைசிவரை பிரெஞ்சாகவே நின்றது. ஏன்? அக்காவலனுக்கு ஈடான தமிழ்நாட்டுக் காவலன் எவனென்று எவரும் தேடவில்லை.

தேடியிருந்தால் கிடைத்திருப்பான். புதினத்தின் உயிர்நிலை யாது? அப்பம் திருடிய ஒருவன் ஐந்தாண்டுத் தண்டனை பெறுகின்றான். தப்பியோட முயன்றமைக்காக அது பத்தொன்பது ஆண்டாகின்றது. வெளிவந்தபின்னும் அவன் கையில் மஞ்சட்சீட்டு. எந்த ஊர்க்குச் சென்றாலும் அதனைக் காட்ட வேண்டும். காட்டினால் எந்த வீடும் கதவு திறக்காது. தண்டனை முடிந்தபின்னும் முடியாத தண்டனை. மாந்தன்மேற் குத்திய முத்திரை. இதுவே யூகோ எதிர்த்த கொடுமை.

இக்கொடுமை தமிழ்நாட்டில் இல்லையா? வெள்ளையன் 1871-இல் வடபுலத்திற் கொணர்ந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. திருடியவனுக்காவது பிரான்சு நாடு முத்திரை குத்தியது. இங்கோ பிறந்தவனுக்கே முத்திரை! குலத்திற் பிறந்த குற்றத்திற்குக் கைவரி பதிய வேண்டும். இரவிற் காவல்நிலையத்திற்குச் சென்று தலைகாட்ட வேண்டும். கைரேகைச் சட்டம் என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டனர். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரலில் அச்சட்டத்திற்கு எதிராக நின்ற மக்கள்மேற் குண்டு பொழிந்தது; உயிர்கள் பல மாய்ந்தன. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல். இந்தியா முழுதும் நீங்கியது 1952-இல்.

படம் வந்த ஆண்டு 1950 என்பதை நினைக்க. சட்டம் நீங்கி மூன்றே ஆண்டு. கைவரி பதித்த மை உலராத காலம். அம்மக்களும் கொட்டகையில் தரையமர்ந்து அப்படத்தைப் பார்த்திருப்பர். திரையிலோடிய ஏழைக்காக அவர்கள் அழுதிருப்பர். ஆனால் அந்த ஏழை தாமே என்று அவர்க்கு எவரும் சொல்லவில்லை. மஞ்சட்சீட்டும் இராச்சீட்டும் ஒன்றென்று காட்டும் ஒரு காட்சி போதும்; யூகோ அன்றைக்கே மதுரை மாவட்டத்துக் குடிமகனாகியிருப்பார். இரக்கம் வந்தது, சட்டம் வரவில்லை. உரி வந்தது, கரு வரவில்லை.

இஃது அப்படத்தாரை இகழ்வதற்காகச் சொல்லப்படுவதன்று. நல்ல நோக்கத்தோடு, நல்ல தமிழ்ப்பெயரோடு, நல்ல நடிப்போடு வந்த படத்திற்கே இந்நிலையெனின், நோக்கமே இல்லாது வருவனவற்றின் நிலையென்ன என்று எண்ணுதற்காகச் சொல்லப்படுவது.

செட்டிநாட்டில் ஓர் ஆங்கிலக் குடும்பம்

அரை நூற்றாண்டு கழிந்தது. 2000-ஆம் ஆண்டில் இராசீவ் மேனன் இயக்கத்தில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வெளிவந்தது. அதன் வழிநிலை, ஆங்கிலப் பெண் எழுத்தாளர் சேன் ஆசுட்டின் 1811-இல் வெளியிட்ட புதினம். அறிவும் உணர்ச்சியும் இரு தமக்கை தங்கையராக நிற்கும் கதை. முதற்பதிப்பில் அவர் தம் பெயரைக்கூடப் போடவில்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்றே போட்டார். பெண் எழுத்தாளர் பலர் தம் பெயரை மறைத்து எழுதிய காலம் அது.

இப்படத்தை வெறும் உடைமாற்றம் என்று தள்ளிவிடல் முறையன்று. குடிபெயர்த்தலிற் செய்யத்தக்கன சிலவற்றை அது செய்தது. புதினத்து இளையவள், தன்னை விரும்பி வருவோனைப் பாட்டைக் கொண்டே அளக்கின்றாள். அவள் நாட்டுப் பாவலர் கூப்பரும் இசுகாட்டும் அவளுக்கு அளவுகோல். படத்து மீனாட்சிக்குப் பாரதி அளவுகோல். இது சரியான கரு. புதினத்துக் காதலன் 50,000 பவுண் உடைய செல்வியை மணப்பதற்காக இவளைக் கைவிடுகின்றான். படத்துக் காதலனோ நிதிநிறுவனம் நடத்தி முறிந்து, அதனைத் தூக்கி நிறுத்த வேறொரு மணம் தேடுகின்றான். தமிழ்நாட்டில் நிதிநிறுவனங்கள் முறிந்து, வைப்பாளர்கள் தெருவில் நின்று, அவர்களைக் காக்கவென்று 1997-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்ட காலம் அது. இதுவும் சரியான கரு. பார்த்த மக்கள் பலர்க்கு அந்நிறுவனத்தின் வாயில் தெரிந்த வாயிலே. புதினத்துப் பெண்களுக்குத் திருமணமன்றி வேறு பிழைப்பில்லை. படத்துப் பெண்கள் சென்னைக்கு வந்து உழைத்துச் சம்பாதிக்கின்றனர். இது காலம் தந்த மாற்றம், வரவேற்கத்தக்கது.

ஆனால் கதையின் அடித்தூண் எது? உடைமை. முன்னோன் ஒருவன் எழுதிய உயிலால் நிலமும் வீடும் ஆண்வழியிற் கட்டுண்டு, தாயும் மூன்று பெண்மக்களும் வெளியேறுகின்றனர். தந்தை சாகும்போது அவர்களைப் பேணுமாறு மூத்தாள் மகனிடம் சொல்லிச் சாகின்றார். அவனும் தங்கையர்க்கு 3,000 பவுண் தருவதாக உள்ளத்துள் முடிவுசெய்கின்றான். அவன் மனைவி பேசத் தொடங்குகின்றாள். மூவாயிரம் பாதியாகின்றது, பாதி ஆண்டுதோறும் தரும் சிறுதொகையாகின்றது, அதுவும் எப்போதோ தரும் ஐம்பதாகின்றது, முடிவில் பருவத்துக்குப் பருவம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினாற் போதுமென்று ஆகின்றது. ஒரு சொல்லும் உரத்துப் பேசாமல், ஒரு சட்டமும் மீறாமல், மூன்று பெண்கள் ஏழைகளாக்கப்படும் அவ்வோர் அதிகாரமே புதினத்தின் கூர்முனை.

தமிழ்ப்படத்திலும் உயில் இருக்கின்றது. வீடு மகனுக்குப் போகின்றது. பேணிய மகள் தன் பெண்மக்களோடு வெளியேறுகின்றாள். படம் உயிலோடு நின்றுவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் பெண்ணின் சொத்துரிமைக்கு ஒரு நெடுவரலாறு உண்டு. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த தன்மான இயக்க மாநாடு ஆணுக்கு நிகரான சொத்துரிமை பெண்ணுக்கு வேண்டுமென்று தீர்மானித்தது. அறுபது ஆண்டு கழிந்து 1989-இல் தமிழ்நாட்டு அரசு அதனைச் சட்டமாக்கிற்று. திருமணமாகாத மகளுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்கு ஒத்த பங்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் அது 2005-இல் வந்தது.

சட்டம் வந்தபின் நடப்பதென்ன? ஊரறிந்தது அது. பங்கு உண்டென்று சட்டம் சொல்லும். தங்கையைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, விடுதலைப் பத்திரம் என்னும் ஆவணத்தில் அண்ணன் கையெழுத்து வாங்குவான். “உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே, அம்மா, நாளைக்கு உனக்கொன்று என்றால் நாங்கள் இல்லையா?” என்பான். அண்ணி பலகாரத் தட்டோடு நிற்பாள். உடன்பிறப்பின் வாயில் அடைபட்டுவிடுமோ என்னும் அச்சத்தில் தங்கை கையெழுத்திடுவாள். பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சளும் கரும்பும் வரும்.

ஆசுட்டினின் மீனும் வேட்டைக்கறியும் இந்த மஞ்சளும் கரும்புமே அன்றோ! இருநூறாண்டுக்கு முற்பட்ட ஆங்கிலப் பெண்ணொருத்தி கண்டெழுதிய கூர்முனைக்குத் தமிழ்நாட்டில் இத்துணைப் பொருத்தமான ஈடு காத்துக் கிடக்க, அதனை எடுத்தாளாது விட்டதுதான் இழப்பு. எடுத்தாண்டிருந்தால், பார்த்துத் திரும்பிய தங்கையர் சிலர் கையெழுத்திடுமுன் ஒருநாள் எண்ணியிருப்பர். புதினத்தைக் குடிபெயர்ப்பதால் மக்களுக்கு விளையத்தக்க பயன் அதுவே.

அப்பெருவீட்டையும் கேட்க வேண்டும். செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்கள் பருமாவிலிருந்து வந்தவை. வட்டித்தொழில்வழி நகரத்தார் கைக்கு வந்த நெல்வயல், 1938-இல் கீழ்ப்பருமாவின் தலைமையான நெல்மாவட்டங்களில் ஏறத்தாழ நாலிலொரு பகுதி. 1942-இற் போர் வந்தது; விட்டோடி வந்தனர். 1948-இற் பருமிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொணர்ந்தது. அம்மாளிகைகள் வெறிச்சோடியதற்கு இது ஒரு பெருங்கரணியம். ஆசுட்டின் தம் கதைமாந்தர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு எத்துணைப் பவுண் வருவாய், அஃது எவ்வழி வருகின்றது என்று கணக்கெழுதிக் காட்டுவார். தமிழ்த்திரையோ மாளிகையின் அழகைப் படம்பிடிக்கும். அதன் கணக்கேட்டைத் திறவாது.

படைத்தலைவனையும் நோக்குக. புதினத்துப் பிராண்டன் கிழக்கிந்தியாவிற் படைப்பணி செய்தவன். படத்துப் பாலா, அமைதிப்படையில் ஈழம் சென்று காலிழந்தவன். அப்படை ஈழத்தில் இருந்தது 1987 முதல் 1990 வரை. ஆசுட்டினுக்குக் கிழக்கிந்தியா தொலைநிலம். ஒரு சொல்லாற் குறித்துவிட்டுச் சென்றார். தமிழ்ப்படத்திற்கு ஈழம் தொலைநிலமாகுமா? அங்கே வீழ்ந்தவரின் தாலாட்டும் இங்கே பார்ப்பவரின் தாலாட்டும் ஒரே மொழி. அத்துணைப் பெரிய துயரம், ஒருவனின் ஊன்றுகோலுக்குக் காட்டும் கரணியமாகக் கதையின் ஓரத்தில் நிற்பது, ஆங்கிலப் புதினத்தின் பாராமுகத்தையும் சேர்த்து இரவல் வாங்கியது போன்றதே.

வாயிலில் தமிழ், வாயில் என்ன?

இனி மொழி. படத்தின் பெயர் தூய தமிழ். பழம்பத்திப் பாடலின் மணம் வீசும் பெயர். பாரதியின் பாட்டும் இசையோடு ஒலிக்கின்றது. ஆனால் குடும்பம் சென்னைக்கு வந்ததும், அலுவலகத்திலும் திரைப்பட நிலையத்திலும் பேச்சு ஆங்கிலம் விரவியதாகின்றது. இஃது இப்படத்திற்கு மட்டும் உரிய நோயன்று. 2006-இல் தமிழ்நாட்டு அரசு, தமிழ்ப்பெயர் பூண்ட படங்கட்குக் கேளிக்கைவரி விலக்கு அளித்தது. பெயர்கள் தமிழாயின. உரையாடல் தமிழாயிற்றா? வாயிலில் தோரணம் தமிழ். உள்ளே வாய்திறந்தால் ஆங்கிலம்.

‘நகர மக்கள் அப்படித்தானே பேசுகின்றனர்? உள்ளதைக் காட்டுவது கலையன்றோ?’ என்பர். அவர்க்கு ஆசுட்டினே விடை சொல்வார். அவர் தம் மாந்தர் எல்லாரையும் ஒரே வாயாற் பேசவைக்கவில்லை. லூசி என்னும் பெண் இலக்கணம் பிழைபடப் பேசுவாள். அவள் கல்வியும் உள்ளமும் அப்பிழையில் வெளிப்படும். எலினாரோ ஒரு சொல்லும் வழுவாள். பேச்சே அங்குப் பண்பின் அளவுகோல். அதுபோலத் தமிழிலும், பணத்தின்பின் ஓடும் நிதிநிறுவனத்தான் ஆங்கிலம் கலந்து பேசட்டும். அது அவனுக்குப் பொருந்தும். பாரதியை உயிரெனக் கொண்டவள் அவன்போலவே பேசலாமா? எல்லார் வாயிலும் ஒரே கலவை புரளுமாயின், எவர் எவரென்று எங்ஙனம் அறிவது? கலப்புப்பேச்சு உள்ளதைக் காட்டும் கலையன்று. உள்ள வேறுபாட்டை மறைக்கும் சோம்பல்.

தனித்தமிழ் அன்பர்க்கும் இவ்விடத்தில் ஒன்று சொல்லத்தக்கது உண்டு. உரையாடலில் அயற்சொற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டாற் படம் தமிழ்ப்படமாகிவிடும் என்று எண்ணற்க. அயற்சொல் ஒன்றும் இல்லாத வாயால், இம்மண்ணில் எங்கும் நிகழாத வாழ்வைப் பேசினால், அதுவும் இரவலே. சொல் தூய்தாதல் முதற்படி. வாழ்வு தன்னதாதல் முடிந்த படி. முதற்படியில் நின்றுகொண்டு மாடி ஏறிவிட்டதாகக் கைதட்டுதல் நகைப்புக்கிடமாம்.

நெய்தலில் வந்த வெண்ணிரவு

தமிழ்த்திரையில் நற்சான்று இல்லாமலில்லை. தாசுத்தயெவ்சுகியின் 1848-ஆம் ஆண்டுக் குறும்புதினம் ‘வெண்ணிரவுகள்’. திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற ஒருவனுக்காகப் பீட்டர்சுபர்க்குக் கால்வாய்க் கரையிற் காத்திருக்கும் பெண். அவளைக் காதலிக்கும் தனியன். 2003-இல் சனநாதன் இயக்கிய ‘இயற்கை’ அக்கதையைத் தமிழ்க் கடற்கரைக்குக் கொணர்ந்தது. கால்வாய்க் கரை துறைமுகமாயிற்று, போனவன் கப்பலின் தலைவனானான், தனியன் மாலுமியானான். காத்திருத்தலுக்கும் இரங்கலுக்கும் உரிய நிலம் நெய்தலென்று ஈராயிரமாண்டுக்கு முன்னரே வகுத்த மொழியில், அக்கதை சென்றமர்ந்த இடம் நெய்தலே! கடல்மேற் சென்றவன் வருவானோ வாரானோ என்னும் கேள்வி, அந்நிலத்தில் ஒவ்வொரு குடிசையிலும் நாள்தோறும் எழும் கேள்வி. தொழில் மாறியது, அதனாற் கதைக்கு வேர் கிடைத்தது. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளுள் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரியது அதற்கே வந்தது.

உருசியப் பனியிற் பிறந்த கதை தமிழ் உப்புக்காற்றில் உயிர்வாழ இயலுமென்றால், இயலாதென்பது எதுவுமில்லை. வேண்டுவது பணமன்று, தேடல். எந்தச் சட்டத்தின் மேல் நிற்கின்றது இக்கதை, அதற்கு ஈடான சட்டம் இங்கு யாது என்று தேடுவார்க்கு நூலகமும் பதிவு அலுவலகமும் திறந்தே கிடக்கின்றன. எந்தப் பிழைப்பின் மேல் நிற்கின்றது, இங்கு எவர் அப்பிழைப்பினர் என்று தேடுவார்க்கு ஊர்கள் கிடக்கின்றன. எந்த வாயாற் பேசுவது என்று தேடுவார்க்கு ஈராயிரமாண்டுத் தமிழ் கிடக்கின்றது.

ஆகலின், இனி வெளிநாட்டுப் புதினத்தின் வழிவந்த படமொன்று திரைக்கு வருங்கால், தமிழ்மக்கள் அதன்முன் நான்கு கேள்விகளை வைத்தல் வேண்டும். முதல்நூலின் பெயரை முகப்பிற் சொன்னாயா? அந்நாட்டுச் சட்டத்திற்கு ஈடாக இந்நாட்டுச் சட்டத்தைக் கண்டாயா? பணம் வந்த வழியைக் காட்டினாயா? மாந்தர்க்கு அவரவர் தமிழைத் தந்தாயா? நான்கிற்கும் ஆமென்னும் படத்தைத் தோளிற் சுமக்க. ஒன்றிற்கும் விடையில்லாத படத்தைப் பெயரில் தமிழ் இருக்கின்றதென்று போற்றற்க.

கதை உலகுக்குப் பொது, அதை மறுப்பாரில்லை. ஆயின் உலகம் என்பது பெயரற்ற வெளியன்று. தத்தம் மண்ணில் தத்தம் மொழியோடு நிற்கும் மக்களின் தொகுதி. ஆசுட்டின் தம் நாட்டுச் சிற்றூரின் கணக்கேட்டை நுணுகி எழுதியதனாலேயே உலகுக்கு உரியவரானார். யூகோ தம் நாட்டுச் சிறையின் கதவைத் தட்டியதனாலேயே உலகுக்கு உரியவரானார். அவர்களிடமிருந்து தமிழன் வாங்கத்தக்கது அவர்தம் கதையைக்காட்டிலும் அவர்தம் துணிவே. தன் வீட்டு உயிலைப் பிரித்துப் படிக்கும் துணிவு அது. தன் ஊர்க் காவல்நிலையத்துக் கைவரிப் பதிவேட்டைத் திறந்துபார்க்கும் துணிவு அது. தன் தாய்மொழியைத் தன் வாயாற் பேசும் துணிவு அது. அத்துணிவு இரவலாகக் கிடைப்பதன்று. இம்மண்ணில் விளைவிக்கப்பட வேண்டுவது.